வெடித்த கைக்கு நீ பார்த்த வைத்தியங்கள்

அம்மா,

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் அடுப்படிக்குப் போய், சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தேன்மெழுகைக் கிள்ளிப் போட்டுச் சூடு பண்ணினேன். கிண்ணத்தை நேராக அடுப்பில் வைக்காமல், கொதிக்கிற தண்ணீரில் மிதக்க விட்டு, நீ செய்கிற மாதிரியே. மெழுகு உருகி எண்ணெயோடு கலந்தபோது அந்த வாசனை எழுந்தது. சாமி அறை வாசனையும் இல்லை, சமையல் வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வீட்டில் அந்த வாசனை வந்து அதைவிட அதிகக் காலம் ஆகிறது.

உன் மாப்பிள்ளை படுத்தபடியே குரல் கொடுத்தார்: “இன்னா, அத்தை வைத்தியமா? யாருக்கு?”

“எனக்குத்தான்” என்றேன்.

கிண்ணத்தை இறக்கி வைத்துவிட்டுக் கைகளை விரித்துப் பார்த்தேன். முட்டிகளில் தோல் இழுத்துப் பிடித்திருக்கிறது, மடக்கினால் எரிகிறது. வலது கட்டைவிரலின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஒரே நாளில் வந்தது. நீ அத்தனை வருடம் சுமந்ததில் ஒரு துளிகூட இருக்காது. அதற்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிகூடக் குடிக்காமல் எண்ணெய் காய்ச்ச ஓடியிருக்கிறேன். அந்த வெட்கத்தில்தான் கிண்ணத்தைத் தட்டால் மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நாளைக்கு எங்கள் கம்பெனி நாகம்மாவுக்கு வேலை இருக்குமா போகுமா என்பது முடிவாகப் போகிறது. அது என் வாயில் இருக்கிறது. அதை யாரிடமாவது முதலில் பேசிப் பார்க்க வேண்டும்.

உனக்குத் தெரியாததையும் சேர்த்துச் சொல்கிறேன். நீ கும்மிடிப்பூண்டியில் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போனாய். நான் இப்போது அதே தொழிற்பேட்டையில் வேறொரு இறால் கம்பெனிக்குப் போகிறேன். நீ உள்ளே, நீள மேஜைக்கு முன்னால், ஐஸ் தண்ணீரில் கை விட்டு ஓடு உரித்தாய். நான் வாசலில் நிற்கிறேன். விலங்கியல் படித்ததற்குக் கிடைத்த இடம் அது. ஹாலுக்குள் போகும் ஒவ்வொருத்தியின் கையையும் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். புறங்கை, உள்ளங்கை, விரலை விரிக்கச் சொல்லி விரல் இடுக்கு. மோதிரம், மருதாணி, நகப்பூச்சு கூடாது. எண்ணெய், களிம்பு கூடாது. திறந்த புண் கூடவே கூடாது. இறால் கப்பலேறிப் போய் யாரோ ஒருவரின் தட்டில் விழுகிறது. அதில் நம் ரத்தமும் களிம்பும் சேரக் கூடாது என்பது நியாயமான விதிதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் வெடிப்பில் ரத்தம் தெரிந்தால் அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பிப் போனால் அன்றைக்குக் கூலி கிடையாது.

வாரம் முழுக்கக் களிம்பு வைக்க முடியாது என்பதால் உன் வைத்தியம் எல்லாமே சனிக்கிழமை சாயங்காலம்தான். கம்பெனி வண்டியை விட்டு இறங்கும்போதே யாராவது சொன்ன புது மருந்தோடு வருவாய். ஒரு வாரம் பசு நெய். ஒரு வாரம் கிளிசரினும் பன்னீரும். ஒரு வாரம் மெடிக்கல்காரன் கொடுத்த மஞ்சள் டியூப். ஒரு வாரம் வாழைப்பழத் தோலைத் தேய்த்து, வீடு முழுக்க ஈ. எதை வைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவாய். “தோ பாரு, வேர்க்கல்ல ஓடு மாதிரி கீறத வேர்க்கல்லப் பருப்பு மாதிரி ஆக்கிட்டேன் பாத்தியா?” திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடியும் ஓடு.

அதில் எனக்குப் பிடித்தது பை கட்டும் வைத்தியம். இதே மெழுகெண்ணெயை இரண்டு கையிலும் வழிய வழியப் பூசிக்கொண்டு, மளிகைக் கடை பிளாஸ்டிக் பையைக் கைக்கு ஒன்றாக மாட்டி, மணிக்கட்டில் என்னை நூல் கட்டச் சொல்வாய். அப்புறம் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. நான் சோறு பிசைந்து ஊட்டுவேன். நீ ராணி மாதிரி சுவரில் சாய்ந்துகொண்டு, “கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து. இன்னாத்துக்கு இவ்ளோ சின்ன உருண்ட, நான் இன்னா கோழிக்குஞ்சா?” என்பாய். ஊட்டி முடித்துக் கை கழுவப் போனதும் கூப்பிடுவாய்: “ஏய், ஓடியா, ஓடியா, மூக்கு அரிக்குது!” நான் வந்து மூக்கைச் சொறிந்தால், “அங்க இல்லடி, பேஜாரு பண்ணாத, இந்தாண்ட” என்று முகத்தைக் கோணுவாய். நாம் இருவரும் சிரித்துச் சிரித்து உன் கையில் இருந்த பை அவிழ்ந்து எண்ணெய் பாயில் கொட்டிய நாள்கூட உண்டு. உன் கை வெடித்திருந்ததால் எனக்குக் கிடைத்த சாயங்காலங்கள் அவை. அதை நினைத்துச் சந்தோஷப்படவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

உனக்குக் கை மேல் ஒரு கர்வம் இருந்தது. கல்யாணமான புதிதில் உன் விரலைப் பார்த்துத்தான் அப்பா மயங்கினார் என்று சொல்வாய். அதனால்தான் வலியைவிட அசிங்கம் உன்னை அதிகம் அரித்தது. கல்யாண வீட்டில் சந்தனம் எடுக்கும்போது நுனி விரலால் தொட்டுவிட்டு முந்தானைக்குள் கையை இழுத்துக்கொள்வாய். பஸ்ஸில் சில்லறையைக் கண்டக்டர் கையில் வைக்காமல் டிக்கெட் பலகைமேல் போடுவாய்.

பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு நாம் போன ஆடி மாதம் ஞாபகம் இருக்கிறதா? கோயில் வாசலில் தகட்டில் வெட்டிய கண், கால், கை எல்லாம் அடுக்கி விற்பார்களே, எந்த உறுப்பு சரியாக வேண்டுமோ அதை வாங்கி உண்டியலில் போட. நீ கை கேட்டாய். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த தகட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

“அண்ணே, இது வழவழன்னு கீது. வெடிச்ச கை இல்லியா?”

“வெடிச்ச கையா? அப்டி எங்கம்மா செய்வாங்க?”

“இல்லண்ணே, இத்தப் போட்டா அம்மனுக்கு எங்கைன்னு அடையாளம் தெரியாது. ‘எவளோ நல்லா கீறவ போட்டுட்டா’ன்னு சும்மா உட்டுடும்.”

கடைக்காரர் சிரித்தார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நீ தாவணி ஊசியை என்னிடம் வாங்கி, அந்தத் தகட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்து, “இப்ப தெரியும்” என்று உண்டியலில் போட்டாய். நானும் சிரித்தேன். உனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு கைவசம் இருந்ததால், கேட்கவேண்டியதை நான் கேட்காமலே வளர்ந்துவிட்டேன்.

பசைக் கதையும் அப்படித்தான் எனக்கு வந்தது. காலேஜில் சேர்ந்த வருடம். நீ வண்டியிலிருந்து இறங்கும்போது உன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

“இன்னாம்மா இது?”

“சாமியார் ஆயிட்டேன்டி. தோ பாரு, முத்திரை. வழியெல்லாம் ஆசீர்வாதம் பண்ணிக்கினு வந்தேன்.”

வெடிப்புக்குள் உடனே ஒட்டும் பசையை ஊற்றி மூடுகிற வித்தையை வண்டியில் யாரோ சொல்லித் தந்திருந்தார்கள். செருப்பு ஒட்டுகிற சின்ன டியூப். மறுநாள் வாசலில் கை காட்டுவதற்காக ஓடுகிற வண்டியிலேயே ஊற்றப் போய், வேகத்தடையில் வண்டி குதித்து, விரல் ஒட்டிக்கொண்டது. வெந்நீரில் உப்புப் போட்டு உன் கையை ஊற வைத்தேன். ஊறுகிற நேரத்தில் நீ எனக்கு எல்லாவற்றையும் சொன்னாய். பசை காய்ந்தால் பளபளக்கும், அதுதான் முதலில் கண்ணில் படும். அதனால் வாசலுக்கு வருமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், ஈரத்தில் எல்லாக் கையும் பளபளதானே. விரிக்கச் சொன்னால் கட்டைவிரலைக் கொஞ்சம் மடக்கி விரிக்க வேண்டும். “அப்புறம் இன்னொண்ணு, கைய நீட்டசொல்ல அவ மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேளு. ‘தலைல இன்னா பூ மேடம், வாசனையா கீதே’ன்னு. அவ கண்ணு மேல வந்துரும். அதுக்குள்ள நீ உள்ள போயிடலாம்.” சொல்லிவிட்டு அந்த மேடம் மாதிரி கழுத்தைத் திருப்பிக் காட்டினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பல வருடம் கழித்து நான்தான் அந்த மேடம் ஆனேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஈரக் கைகளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. படிப்பு சொல்லிக் கொடுக்காததை நீ சொல்லிக் கொடுத்திருந்தாய். வாசலில் ஒரு கம்பியில் துண்டுகளை மாட்டச் சொல்லி, “துடைச்சிட்டுக் காட்டுங்க” என்றேன். யாராவது பூவைப் பற்றிக் கேட்டால் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னேன். மடங்கிய கட்டைவிரலை நானே பிடித்து நிமிர்த்தினேன். அன்றைக்கு நிறையப் பேர் திரும்பிப் போனார்கள். போகும்போது ஒருத்தி மற்றவளிடம் கேட்டது காதில் விழுந்தது: “இத்த எவ சொல்லிக் குடுத்தா இவுங்களுக்கு?”

நான் வீட்டுக்கு வந்து உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். கெட்ட எண்ணத்தில் இல்லை, அம்மா. பசைத் துண்டு இறாலில் போகாமல் தடுத்துவிட்டேன் என்ற பெருமை. அதிகாரிகள் கை கொடுத்துப் பாராட்டிய பெருமை. நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். திரும்பாமலே கேட்டாய்.

“துண்டு இன்னா கலரு?”

“வெள்ளைம்மா. ஏன்?”

“ஒண்ணுமில்ல. வெள்ளையா. சரி.”

அதற்குப் பிறகு கம்பெனிக் கதை எதையும் நீ என்னிடம் சொல்லவில்லை. வயதாகிவிட்டது, பேச்சுக் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் கம்பியில் தொங்குகிற துண்டுகளில் பொட்டுப் பொட்டாகப் பழுப்பு நிறம் இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். துவைக்கிற ஆள் நிறைய சோடா போடுவதாகச் சொல்வார். அது ரத்தக் கறை என்று தெரிந்தும் உன் கேள்வி எனக்கு நினைவுக்கு வந்ததில்லை. முந்தாநாள் வெள்ளிக்கிழமைதான் வந்தது.

நாகம்மாவை உனக்குத் தெரியும். எனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது. ஆந்திரா எல்லைப் பக்கத்து ஊர், ஒல்லியான உடம்பு, அதட்டலான குரல். எங்கள் கம்பெனிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஏற்கனவே இரண்டு தடவை பசையோடு பிடிபட்டவள். மூன்றாம் தடவை பிடிபட்டால் வேலையை விட்டு எடுத்துவிடுவது என்று ஒரு விதி இருக்கிறது. அதுவும் நான் எழுதிக் கொடுத்ததுதான். வெள்ளிக்கிழமை அவள் கையைத் துடைத்துக் காட்டியபோது ஆள்காட்டி விரலின் ஓரத்தில் மெல்லிய பளபளப்பு. நகத்தால் தட்டிப் பார்த்தேன். டக்கென்று சத்தம் வந்தது.

“நாகம்மா, இது மூணாவது தடவை.”

“தெரியும் மேடம். எண்ணத் தெரியும் எனக்கும்.”

“களிம்பு போட்டு, ஆறின பிறகு வரலாமே?”

“ஆற வரைக்கும் எங்க நைனாவா வந்து சோறு போடுவாரு? அவரு போயி அஞ்சாறு வருசம் ஆவுது.” பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நாகம்மா சிரிக்கவில்லை. “மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? இந்தப் பசை வைக்கச் சொல்லிக் குடுத்தது யாருன்னு தெரியுமா? உங்கம்மா. பழைய கம்பெனில எம்பக்கத்து மேஜை. முதல் நாள் எங்கை ரத்தமா கீறதப் பாத்து, அவுங்க டியூப்புலேர்ந்து அவுங்களே ஊத்துனாங்க. ஊதி ஊதிக் காய வெச்சாங்க.”

நாகம்மா அதோடு நிறுத்தவில்லை.

“உங்க துண்டு எங்க கம்பெனிக்கும் வந்துது மேடம். இங்க பாத்துட்டுப் போயி அங்கயும் மாட்டிட்டாங்க. உங்கம்மாவ ரெண்டு மூணு தபா திருப்பி அனுப்பிட்டாங்க. ஊட்டுக்குப் போவாம பஸ் ஸ்டாண்டுலயே ஒக்காந்துக்கினு இருப்பாங்க. சாயங்காலம் வண்டி வர நேரத்துக்கு எழுந்து போவாங்க, வேல செஞ்சுட்டு வர மாதிரி. ‘எம்பொண்ணாண்ட மட்டும் சொல்லிடாத நாகு’ன்னாங்க. நானும் சொல்லல. இன்னிக்கித்தான் சொல்றேன்.”

அம்மா, வண்டி வருகிற நேரத்துக்குத் தெருமுனையில் வந்து இறங்குவாயே. முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு, “இன்னாடி, ராத்திரிக்கு இன்னா பண்ணே?” என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் வருவாயே. அப்படி வந்த சாயங்காலங்களில் எவை பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தவை? எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் உன் முகம் ஒரே மாதிரி இருக்கிறது.

நாகம்மா துண்டைக் கம்பியில் ஒழுங்காக மடித்து மாட்டினாள். போகும்போது, சண்டைக்கு இல்லாமல் சும்மா சொல்வது போல, “கை வெடிக்கறதுக்கு எங்களுக்கு இன்னா ஆசையா மேடம்? அந்த மருந்துத் தண்ணில ஒருநாளு முழுக்க உங்க கைய விட்டுப் பாருங்க” என்றாள்.

மருந்துத் தண்ணி என்றால் உனக்குத் தெரியும். குளோரின் கலந்த வாளி. உள்ளே நுழையும்போதும், அதற்கென்று மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும், சாப்பிட்டு வந்தும் கையை அதில் முக்க வேண்டும். வாசலில் இருக்கிற நாங்கள் காலையில் ஒரு தடவை முக்கிவிட்டுக் கையுறை போட்டுக்கொள்வோம்.

மேனேஜர் சின்ன வயதுக்காரர், சென்னையிலிருந்து வருகிறவர். நடந்ததைக் கேட்டு, “சூப்பர் மேடம். எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ! திங்கக்கிழமை புதுசா சேர்ந்த இன்ஸ்பெக்டர் பொண்ணுங்களுக்கு ஒரு கிளாஸ் எடுங்க. பசை, மெழுகு, எல்லா டிரிக்கும் சொல்லிக் குடுத்துடுங்க. அந்தம்மாவையும் அன்னிக்கு வரச் சொல்லி கணக்கை செட்டில் பண்ணி அனுப்பிடலாம்” என்றார்.

“ஆறுற வரைக்கும் அட்டைப்பெட்டி ஒட்டுற இடத்துல போடலாமே சார்? அங்க தண்ணி இல்ல.”

“நீங்களே கொண்டுவந்த ரூல் மேடம் அது” என்று சிரித்தார். அவர் மேல் தப்பில்லை. என் விதிதான்.

நேற்று சனிக்கிழமை, நான் கையுறை போடவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் பெண்களோடு வரிசையில் போய் வாளியில் கை முக்கினேன். முதலில் சிரித்தார்கள். “மேடமுக்கு இன்னா ஆச்சு, வேண்டுதலா?” என்று ஒருத்தி கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டில் ஊறுகாய் தொட்டபோது விரலில் தீ வைத்தது போல இருந்தது. சாயங்காலம் கை வெளுத்து, சுருங்கி, என் கை மாதிரியே இல்லை. ஈரம் காயக் காயத் தோல் சின்னதாகிக்கொண்டே போனது. இதைச் செய்வதற்கு எனக்கு ஒருத்தி சொல்ல வேண்டியிருந்தது. நீ எதிரிலேயே உட்கார்ந்திருந்த அத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் போன பிறகு அலமாரியில் இருந்த சோதனைத் தாள் டப்பாவை எடுத்தேன். வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரும் நாட்களில் மட்டும் எடுப்போம். வாளியில் நனைத்தால் தாள் வெளிர் ஊதாவாக வேண்டும். நனைத்தேன். கறுப்புக்கே போய்விட்டது. டப்பாவின் மேல் இருக்கிற நிறங்களில் கடைசி நிறத்தையும் தாண்டி. இன்னொரு தாள் எடுத்தேன். அதுவும் அப்படித்தான்.

வாளி கலக்குகிற ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டேன். வெகுகாலமாக இருக்கிறவர், யாரிடமும் கடிந்து பேசாதவர்.

“அண்ணா, எத்தனை கிண்ணம் பவுடர் போட்டீங்க?”

“கிண்ணமா? அது வெள்ளக்காரங்க வர அன்னிக்கி மேடம். மத்த நாளு கையாலதான் அள்ளிப் போடறது. மூக்குல சுருக்குனு ஏறணும், அப்பதானே மருந்து வேல செய்யும்? வாசனை இல்லன்னா மேனேஜரு ‘தண்ணியா கீது’ன்னு திட்டுவாரு.”

“இது ரொம்ப அதிகமாச்சே அண்ணா.”

அவர் குழம்பிப் போய் என்னைப் பார்த்தார். “காலைல காலைல உங்களத்தானே மேடம் கேக்கறேன், ‘சரியா’ன்னு. நீங்கதானே சரின்னு சொல்றீங்க.”

ஆமாம். தினமும் கேட்பார். வாசலில் நின்றபடி, யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “சரி அண்ணா” என்பேன். தாளும் இருந்தது, அதைப் படிக்கிற படிப்பும் இருந்தது. கண்ணை எல்லாம் பெண்களின் விரலில் வைத்திருந்தேன், வாளிக்கு மூக்கு போதும் என்று விட்டிருந்தேன். கைகள் வெடித்தது அந்தத் தண்ணீரால். வெடித்த கைகளைத் திருப்பி அனுப்பியது நான்.

நீ வேலையை விட்ட சில மாதங்களில் உன் கை தானாக ஆறிவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? எந்த வைத்தியமும் பார்க்கவில்லை. பை கட்டவில்லை, பசை இல்லை. நீ பெரியபாளையத்து அம்மனுக்குக் கும்பிடு போட்டு, “லேட்டானாலும் அடையாளம் கண்டுபுடிச்சிட்டா” என்றாய். நான் தலையாட்டினேன். தண்ணீரை விட்டதும் கை ஆறுகிறது என்றால் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று விலங்கியல் படித்தவள் யோசித்திருக்க வேண்டாமா? உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்திய அன்று பெரியம்மா உன் கையை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். “பாருங்கடி, புதுப்பொண்ணு கை மாதிரி கீது.” எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். மறுவாரம் வேலைக்குப் போய், வாசலில் நின்று, “சரி அண்ணா” என்றேன்.

இதையெல்லாம் உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய், விஷயம் அதோடு முடிந்துவிடும். இந்தத் தடவை அப்படி முடியக் கூடாது.

உன் வித்தைகளில் நான் இன்னும் வாசலில் பயன்படுத்தாதவை சில மிச்சம் இருக்கின்றன. மெழுகில் மஞ்சள் கலந்து தோலின் நிறத்துக்குக் கொண்டுவருவது, நகக்கண்ணில் மட்டும் பசை வைப்பது. நாளைய வகுப்பில் அவற்றைச் சொன்னால் அந்தப் பெண்கள் வியந்துபோவார்கள். சொல்லமாட்டேன். அவை நீ எனக்குச் சிரித்துக்கொண்டே கொடுத்தவை. இனி அவை என்னோடு இருக்கட்டும்.

நாளை அந்த அறையில் மேனேஜர் இருப்பார், புதுப் பெண்கள் இருப்பார்கள், நாகம்மாவும் வருவாள். ஏழுமலை அண்ணனிடம் வழக்கம்போல் கலக்கிய வாளியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கச் சொல்லப் போகிறேன். எல்லோர் முன்னாலும் தாளை நனைத்துக் காட்டப் போகிறேன். “இதை யார் ஓகே பண்ணது?” என்று மேனேஜர் கேட்பார். ஏழுமலை அண்ணன் தலையைக் குனிந்துகொள்வார். என் பெயரைச் சொல்லமாட்டார். அவர் சொல்ல வேண்டியதும் இல்லை. தினமும் சரி சொன்னவள் நான் என்று நானே சொல்வேன். கை வெடித்தவளை நிறுத்துவதாக இருந்தால், அதற்கு முன்னால் என்னை நிறுத்துங்கள் என்றும் சொல்வேன்.

நிறுத்திவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது. உன் மாப்பிள்ளைக்கு அத்திப்பட்டில் ஒப்பந்த வேலை, ஒரு மாதம் இருந்தால் ஒரு மாதம் இருக்காது. உன் பேத்தி இன்னும் காலேஜ் முடிக்கவில்லை. அதனால் அவரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. நாகம்மாவிடம் சொல்லலாம் என்று நேற்றுச் சாயங்காலம் அவள் ஊர்ப் பஸ் நிற்கிற இடம்வரை போனேன். பஸ் வந்தது, ஏறாமல் திரும்பிவிட்டேன். அவளுக்கு முன்கூட்டியே நம்பிக்கை கொடுத்துவிட்டு, அந்த அறையில் எனக்கு வாய் வராமல் போய்விட்டால்?

வாய் வர வேண்டும், அம்மா.